கூடத்துச் சுவருக்குப் பிரெஞ்சுக் கிராமத்து ஓவியம்: எதைப் பார்த்து வாங்குவது?

திருநகர் டீச்சர்:

வணக்கம். 31 ஆண்டுகள் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவள். மூன்று மாதங்களுக்கு முன்புதான் இரண்டாவது கண்ணுக்கும் புரை நீக்கினார்கள். வீட்டுக்கு வந்த அன்று மாடிக் கொடியில் கிடந்த நீலப் புடவையைப் பார்த்து, இது யாருடையது என்று மருமகளிடம் கேட்டேன். என்னுடையதுதானாம். சாம்பல் நிறம் என்று எண்ணியே பல வருடங்களாகக் கட்டியிருக்கிறேன்.

அன்றிலிருந்து ஓர் ஆசை. ஊஞ்சலுக்கு எதிரே உள்ள வெற்றுச் சுவரில் நல்ல வானமும் மரமும் உள்ள படம் ஒன்றை மாட்ட வேண்டும். போன வாரம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த கண்காட்சி விற்பனைக்குப் போனேன். புல் கூரை வேய்ந்த குடிசை, பக்கத்தில் ஓடை, வாசல் வரைக்கும் லாவண்டர் வயல். நான்கடிக்கு மூன்றடி. பிரான்சு ஓவியம், கையால் வரைந்தது, 18,500 ரூபாய் என்றார்கள். தொட்டுப் பார்த்தேன், சொரசொரப்பாகத்தான் இருந்தது. 1,000 ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்தால், அதே படத்தை என் மகன் இணையத்தில் 1,200 ரூபாய்க்குக் காட்டுகிறான். நடுவில் உள்ள 17,300 ரூபாய் எங்கே ஒளிந்திருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாசி வீதி படக்கடை:

டீச்சர், தெற்கு மாசி வீதியில் அப்பா காலத்திலிருந்து படத்துக்குச் சட்டம் போடுகிறவன் நான். முருகனும் மீனாட்சியும்தான் எங்களுக்குச் சோறு போடுகிறார்கள். இருந்தாலும் ஐந்தாறு வருடங்களாக இந்தப் 'பிரான்சு குடிசை'களும் மாதம் நாலைந்து வருகின்றன.

சொரசொரப்பை நம்பாதீர்கள். அச்சடித்த கேன்வாஸ் மேல் நிறமில்லாத பசையைத் தூரிகையால் இழுத்துவிட்டால் விரலுக்கு எண்ணெய் ஓவியம் போலவே இருக்கும். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கூரை முடிந்து மரம் தொடங்கும் இடத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். வரைந்த படமென்றால் தூரிகை கூரையோடு சரிந்து வரும், மரத்துக்கு வந்ததும் திசை மாறும். பசை பூசியதில் தடம் கூரை, மரம், வானம் எதையும் மதிக்காமல் ஒரே போக்காக ஓடும். பூதக்கண்ணாடி வைத்தால் புள்ளி புள்ளியாக மை தெரியும். போன மாதம் ஒருவர் 9,000 கொடுத்து வாங்கியதைச் சுருட்டிக்கொண்டு வந்தார். கண்ணாடியை அவர் கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். அவர் கோபம் முழுவதும் என்மேல் திரும்பியது. சட்டம்கூடப் போடாமல் போய்விட்டார்.

அச்சுப்படம் வாங்குவது தப்பே இல்லை. அச்சு என்று சொல்லி அச்சு விலைக்கு விற்க வேண்டும், அவ்வளவுதான். முன்பணம் திரும்பக் கிடைக்காது, அதை மறந்துவிடுங்கள். மீதி 17,500 உங்கள் கையில்தானே இருக்கிறது.

கீழக்குயில்குடி ஓவியன்:

டீச்சர், அந்தப் படத்தை எந்தப் பிரெஞ்சுக்காரரும் நேரில் பார்த்து வரைந்திருக்க மாட்டார். புல் கூரை வீடுகள் வடக்கே நார்மண்டிப் பக்கம். லாவண்டர் வயல்களுக்குப் பேர்போனது தெற்கே புரோவான்ஸ். இரண்டையும் ஒரே வாசலில் கொண்டுவந்து நிறுத்துவது விற்கிறவர்களின் கற்பனை.

உண்மையான பிரெஞ்சுக் கிராமம் வேண்டுமென்றால் ஓவியர் பிசாரோவின் 'ஜாலே குன்று, பொன்துவாஸ்' பாருங்கள். பொன்துவாஸ் பாரிசுக்குப் பக்கத்து ஊர். 1867இல் வரைந்தது. பச்சைக் குன்றின் அடியில் வீடுகள், வளைந்து போகும் பாதையில் இரண்டு பெண்கள். மூலப்படம் நியூயார்க்கில் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காப்புரிமை முடிந்த ஓவியங்களின் படங்களை 2017 முதல் அவர்கள் யாரும் எப்படியும் பயன்படுத்தலாம் என்று இலவசமாகத் திறந்துவிட்டார்கள். அச்சடிப்பதில் சட்டச் சிக்கல் வராது. இந்தியாவில் ஓவியர் இறந்து 60 ஆண்டுகள் வரைதான் காப்புரிமை. பிசாரோ இறந்தது 1903இல்.

பிரெஞ்சு ஓவியர் மோனேவின் வைக்கோல் படப்புகளும் உண்டு, 1890-91இல் வரைந்த வரிசை. நம் ஊர்ப் படப்பு போலத் தோன்றும், ஆனால் உள்ளே இருப்பது அடிக்காத கோதுமைக் கதிர். உங்கள் புடவைக் கதையைப் படித்ததும் அவர் நினைவுதான் வந்தது. அவருக்கும் கண்புரை. 1923இல் வலது கண்ணில் அறுவை செய்துகொண்டார். அதற்கு முந்தைய வருடங்களின் சில படங்கள் செம்பழுப்பாகவே கிடக்கும்.

கையால் வரைந்த நகல் வேண்டுமென்றால் நானும் வரைந்து தருவேன். என் கையெழுத்துதான் போடுவேன். ஆனால் ஒரு விண்ணப்பம்: எங்கள் சமணர் மலையை, தாமரைக் குளத்தோடு காலை வெயிலில் ஒருமுறை வந்து பாருங்கள். பிறகு பொன்துவாஸ் எதற்கு?

மாசி வீதி படக்கடை:

தம்பி, அவர்கள் கேட்டது பிரான்சு. இட்லி கேட்பவருக்கு இடியாப்பம் நல்லது என்று சொல்லாதீர்கள். சமணர் மலை எங்கும் போய்விடாது.

டீச்சர், அச்சென்றால் அளவைப் படத்தின் கோப்பு முடிவு செய்யட்டும். சுவரில் மாட்டிச் சற்றுத் தள்ளிப் பார்ப்பதற்கு அங்குலத்துக்கு 150 புள்ளி போதும். கோப்பு 3,600 புள்ளி அகலம் இருந்தால் 24 அங்குலம் அடிக்கலாம். நான்கடிக்கு இழுத்தால் வீடெல்லாம் பஞ்சு மாதிரி கலங்கிவிடும். தம்பி சொன்ன படத்தின் மூலமே மூன்றே முக்கால் அடி அகலம்தான், தேடிப் பார்த்தேன்.

முக்கியமானதை யாரும் கேட்கவில்லை: அது எந்தச் சுவர்? மேற்கு வெளிச்சுவர் என்றால் சித்திரை வெயில் முழுவதையும் குடித்து வைத்திருக்கும். குளியலறையை ஒட்டிய சுவரென்றால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓதம் ஏறும், படத்தின் முதுகில் பூஞ்சை வரும். எந்தச் சுவரானாலும் சட்டத்தின் பின்னால் நான்கு மூலையிலும் தக்கை ஒட்டித் தருவேன், காற்று போய் வரும்.

தாளில் அச்சடித்தால் கண்ணாடி வேண்டும். ஆனால் படம் கண்ணாடியைத் தொடக் கூடாது, நடுவில் ஓரம் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டை கட்டாயம். தாத்தா காலத்துச் சாமி படங்கள் கண்ணாடியோடு ஒட்டிப்போய், பிரித்தால் சாமி முகம் பாதி அதிலேயே தங்கிவிடும். அப்படிப் பிரித்துக் கொடுத்து எத்தனை அம்மாக்களின் அழுகையைப் பார்த்திருக்கிறேன் தெரியுமா? கேன்வாஸில் அடித்தால் கண்ணாடி வேண்டாம். ஆனால் ஊதுபத்திப் புகை படாத இடமாக இருக்க வேண்டும்.

காரைக்குடி மாப்பிள்ளை:

பழைய சரக்கு பிடிக்குமென்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் ஒரு நடை பாருங்கள். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பழைய வெளிநாட்டு அச்சுப்படங்கள் சில நேரம் கிடைக்கும். நான் பால்காரப் பெண் படம் ஒன்றை வாங்கினேன். சட்டம் மட்டும்தான் பழையது, உள்ளே இருந்த தாள் புத்தம் புதிது. அந்தத் தேக்குச் சட்டத்துக்காக மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

திருநகர் டீச்சர்:

லாவண்டரும் புல் கூரையும் ஒரே வாசலில்! பரீட்சைத் தாளில் ஒரு பிள்ளை அப்படி எழுதியிருந்தால் மதிப்பெண்ணைக் குறைத்திருப்பேன். நானோ 1,000 ரூபாய் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். மண்டபத்துக்குத் தொலைபேசியில் கேட்டேன். முன்பணத்துக்குப் பதிலாகச் சுவர்க்கடிகாரம் தருகிறார்களாம்.

ஜாலே குன்றை மகன் பெரிதாக்கிக் காட்டினான். வானத்தைவிட அந்தப் பாதைதான் பிடித்தது. சுவர் கிழக்குப் பக்கம், அந்தப் புறம் படுக்கையறை, ஓதம் கிடையாது. பூஜை அறை பின்கட்டில். கேன்வாஸில் 24 அங்குலம் அடிக்கச் சொல்லிவிட்டேன். சமணர் மலைக்குப் பேரனோடு வருகிறேன் தம்பி, அதற்குச் சாப்பாட்டு அறையில் ஒரு சுவர் காலியாக இருக்கிறது.

படக்கடைக்காரரே, தேக்குச் சட்டத்துக்கு எத்தனை அடி பிடிக்கும்?

மாசி வீதி படக்கடை:

24க்கு 18 என்றால் சுற்றளவு ஏழு அடி. ஒன்றரை அங்குலப் பட்டையில் நான்கு மூலை வெட்டுக்கு இன்னும் ஓர் அடி, ஆக எட்டு. கேன்வாஸைச் சுருட்டும்போது படம் வெளிப்பக்கம் இருக்கட்டும், உள்பக்கமாகச் சுருட்டினால் மை நெருக்குண்டு விரிசல் விடும். வெள்ளிக்கிழமை வேண்டாம், அன்று சாமி படக் கூட்டம். சனிக்கிழமை பத்து மணிக்கு மேல் வாருங்கள். அந்தக் கடிகாரத்தையும் எடுத்து வாருங்கள், அது ஓடுகிறதா பார்ப்போம்.