புதுப்பிப்பு: அபர்வத் பயணத்தைக் கைவிட்டோம்

குல்மார்க்கில் பனிப்புயல் அடிக்கும்போது, அபர்வத் மலையில் கோண்டோலா (கேபிள் கார்) பகுதியின் எல்லையைத் தாண்டிப் பனிச்சறுக்கப் போகலாமா என்று கேட்டிருந்தேன். போகவில்லை. தடுத்தவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

நேற்று வழிகாட்டி, விடுதிக்குப் பின்னால் ஒரு சின்ன மேட்டில் பனியை வெட்டிக் காட்டினார். மேலே இறுகிய புதுப்பனி, அடியில் சர்க்கரை மாதிரி உதிரும் பழைய பனி. மண்வெட்டியால் இரண்டு தட்டு தட்டினார். மேலடுக்கு அப்படியே பலகையாக வழுக்கி வந்தது. வயிற்றைக் கலக்கிவிட்டது. பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் நடக்கும். நாங்கள் குறித்து வைத்திருந்த பாதை முழுக்க அதே சாய்வு. 2023 பிப்ரவரியில் இதே மலையில் போலந்துக்காரர்கள் இருவர் பனிச்சரிவில் இறந்தார்கள்.

அப்புறம், டிரான்ஸீவர் (பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் சிக்னல் கருவி) வைத்துத் தேடிப் பழகினோம். புதைத்த பையைத் தோண்டியெடுக்க எனக்கு 14 நிமிடம் ஆனது. மனிதரென்றால் 10 நிமிடத்துக்குள் எடுத்தாக வேண்டும். இன்றும் பழகப் போகிறோம்.