மறு: அரசுச் சேவைகளின் ‘புரொடக்டிவிட்டி’க்கு எந்தச் சொல்?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். புரொடக்டிவிட்டிக்குத் தமிழில் எதை வைப்பது என்று நண்பர்கள் எழுதியவற்றை மேற்கோளாக வைத்துப் பதில் சொல்கிறேன்.

> உற்பத்தித்திறன் என்றே வைத்துக்கொள்ளலாமே. பாடநூலில் ஏறிவிட்ட சொல்லை எதற்குக் கலைக்க வேண்டும்?

தொழிற்சாலைக்கு அதுவே இருக்கட்டும். சான்றிதழ் கொடுப்பதையும் நோயாளியைப் பார்ப்பதையும் யாரும் ‘உற்பத்தி’ என்பதில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், எனக்கு அதைவிட உறுத்துவது வாலில் இருக்கும் ‘திறன்’. புரொடக்டிவிட்டி ஒரு வகுத்தல் கணக்கு: வெளியே வந்த சேவை மேலே, அதற்குச் செலவான ஆள், நேரம், பணம் கீழே. திறன் என்றதும் அது இருக்கையில் இருப்பவரின் கெட்டிக்காரத்தனம் ஆகிவிடுகிறது. ஒரே விவரத்தை மூன்று படிவங்களில் கேட்கும் விதியும், மேசை மேசையாக நகரும் கோப்பும் கண்ணில் படாமல் போகும். எழுத்தருக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வார்கள்.

அதனால் சொல்லிலேயே ‘வீதம்’ வேண்டும். ‘ஆளுக்கு இரண்டு வீதம்’ என்று நாம் பேசுவதுதான். என் முன்மொழிவு: ஆக்கவீதம்.

> ஆக்கவீதத்தைவிடப் பயன்வீதம் மேல். மக்களுக்குப் பயன் கிடைத்ததா என்பதுதானே கேள்வி?

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். ஒரு மனுவில் கையொப்பம் விடுபட்டிருக்கிறது, திருப்பி அனுப்புகிறார்கள். பதிவேட்டில் அது ‘பைசல்’, அதாவது முடித்த மனு. சரிசெய்து கொடுத்தால் நகலில் தேதி தெளிவாக இல்லையாம், மறுபடியும் பைசல். மூன்றாவது தடவை சான்றிதழ் வந்துவிடுகிறது. மாத அறிக்கையில் மூன்று மனுக்கள் முடிந்திருக்கும். மனுதாரருக்கு நடந்தது ஒரே வேலை. வாங்கும்போதே சரிபார்த்து ஒரே தடவையில் முடித்துக் கொடுக்கும் அலுவலகமோ, அதே அறிக்கையில் மூன்றில் ஒரு பங்குதான் உழைத்ததாகத் தெரியும்! ஆக, மேலே எதை எண்ணுகிறோம் என்ற நண்பரின் கவலை நியாயமானதே.

ஆனால் பயன் அலுவலகத்தின் கையில் மட்டும் இல்லை. பிள்ளை படித்துத் தேறுவதில் பள்ளிக்கும் பங்கு உண்டு, வீட்டுக்கும் உண்டு. பயனையே மேலே வைத்தால் ஆசிரியர் செய்யாததற்கும் அவரைக் கேட்போம், செய்யாததற்கும் பாராட்டுவோம். எனவே ‘பயன்’ அவுட்கமுக்கு (சேவையால் கடைசியில் மக்களுக்குக் கிடைப்பது) இருக்கட்டும். ஆக்கவீதத்தின் விளக்கத்தில் ‘முழுமையாக முடிந்த, தரம் பார்த்து எண்ணிய சேவை’ என்று எழுதிவிடலாம்.

‘தரம் பார்த்து’ என்பதைச் சும்மா சேர்க்கவில்லை. அரசுச் சேவைகள் பெரும்பாலும் சந்தை விலைக்கு விற்கப்படுவதில்லை. அதனால் தேசியக் கணக்குகளில் (நாட்டின் மொத்த உற்பத்தியைக் கணக்கிடுபவை) நெடுங்காலம் சம்பளம் உள்ளிட்ட செலவையே சேவையின் அளவாக எடுத்துக்கொண்டார்கள். மேலேயும் செலவு, கீழேயும் செலவு என்றால் வகுத்தால் என்ன வரும்? எவ்வளவு சீர்திருத்தினாலும் வீதம் அசையாது. பிரிட்டனுக்காகப் பொருளியலாளர் டோனி அட்கின்சன் 2005-இல் அளித்த அறிக்கை இதைத்தான் மாற்றச் சொன்னது: சேவையை நேரடியாக அளக்க வேண்டும், தர மாற்றத்தையும் அதில் சேர்க்க வேண்டும் என்று.

அப்புறம், இதோடு ஒட்டிவரும் பெர்ஃபார்மன்ஸ் என்ற சொல். தமிழ்நாட்டு வழக்கில் ‘செயல்திறன்’ இதையும் எஃபிஷியன்சியையும் சேர்த்தே சுமக்கிறது. இலங்கையில் எஃபிஷியன்சி, எஃபெக்டிவ்னஸ், பெர்ஃபார்மன்ஸ் மூன்றுக்கும் இதே வரிசையில் தனித்தனிச் சொல்: வினைத்திறன் (குறைந்த செலவில் செய்வது), விளைதிறன் (நினைத்த விளைவை எட்டுவது), செயலாற்றுகை (செய்து காட்டியது). கைவசம் இருக்கும்போது புதிதாக எதற்கு? அப்படியே எடுத்துக்கொள்வோம்.

உழைப்பு ஆக்கவீதம், மொத்தக் காரணி ஆக்கவீதம் (உழைப்பு, மூலதனம் எல்லாவற்றையும் சேர்த்துக் கீழே வைப்பது) எல்லாம் இடறாமல் வருகின்றன. புரொடக்டிவ் என்ற பெயரடைக்குத்தான் ஒன்றும் அமையவில்லை. ‘ஆக்கமிகு’ என்று போட்டுப் பார்த்தேன், வாழ்த்து மடல் வாசனை அடிக்கிறது. யாரிடமாவது வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.