கடல்பாசி எடுப்பவரின் முழங்கால் தேய்மானம்: பயிற்சி எடையை எப்படி ஏற்றுவது?

பிசியோ நண்பர்களே, பாம்பன் பக்கம் பாசி எடுக்கும் 54 வயது அக்கா ஒருவருக்கு வலது முழங்காலில் தேய்மானம். நிற்க வைத்து எடுத்த எக்ஸ்ரேயில் கெல்கிரன்-லாரன்ஸ் (தேய்மானத்தை 0 முதல் 4 வரை தரம் பிரிக்கும் அளவு) 3ஆம் நிலை, மூட்டின் உள்பக்க இடைவெளி குறுகியிருக்கிறது. வலி இரண்டு வருஷமாக. காலை இறுக்கம் பத்து நிமிஷத்தில் விட்டுவிடும், மூட்டு பூட்டிக்கொள்வதில்லை. வழுக்குப் பாறையில் குந்தி எழும்போதும் வள்ளத்தில் ஏறும்போதும்தான் உயிர் போகிறது.

பாராசிட்டமாலுக்கு வலி கேட்கவில்லை. டைக்ளோஃபெனாக் வலி ஜெல்லுக்குக் கேட்கிறது. கடலில் இறங்குமுன் தடவினால் கழுவிக்கொண்டு போய்விடும் என்பதால் கரையேறிக் குளித்த பிறகு தடவுகிறார். ஸ்டீராய்டு ஊசி சில வாரம்தான் தாங்கியது. மறுபடி போட எனக்கு மனமில்லை: 2017இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த ஆய்வில் 12 வாரத்துக்கு ஒன்றாக 2 வருஷம் போட்டும் மருந்தில்லாத வெறும் உப்புநீர் ஊசியைவிட வலி குறையவில்லை, குருத்தெலும்புதான் கூடுதலாகத் தேய்ந்தது. இப்போது பிஆர்பி ஊசிக்கு (அவரவர் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்த, தட்டணுக்கள் செறிந்த பிளாஸ்மா)ப் பெரிய தொகை கேட்கிறார்கள். 2021 ரெஸ்டோர் ஆய்வில், இதே 2-3 நிலை முழங்கால்களில், 12 மாத முடிவில் அதுவும் உப்புநீரை விஞ்சவில்லை. அதற்காக இவரைக் கடன் வாங்க வைக்கக் கூடாது.

மிச்சம் தொடைத் தசைப் பயிற்சிதான். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 10 வீதம் 3 சுற்று, கணுக்காலில் 2 கிலோ மணல் பை கட்டிக் காலை நீட்டுவது: இரண்டும் சுலபமாக வருகிறது. 3 கிலோ கட்டினால் மறுநாள் முட்டிச் சில்லுக்கு அடியில் வலி, கடலுக்குப் போக முடிவதில்லை.

வாரத்தில் நாலைந்து நாள் கடலில் இறங்குபவருக்கு எடையை எந்த அளவில், எத்தனை நாள் இடைவெளி விட்டு ஏற்றுகிறீர்கள்?