முள் ஆடுகிறதா? முதலில் மைல் கணக்கைப் பாருங்கள்

கொக்குவில், மொறிஸ் மைனர்

மாமா விட்டுச்சென்ற மொறிஸ் மைனர் இது. வேகம் மணிக்கு முப்பது மைலைத் தாண்டினால் ஸ்பீடோமீற்றர் முள் இருபதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் பேயாடத் தொடங்கும். மார்கழிக் காலைகளில் டாஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து கீச்சுச் சத்தமும் வரும். நகரத்துக் கராஜ் ஒன்றில் கண்ணாடியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மீற்றர் முடிந்துவிட்டது, கொழும்பில்தான் தேட வேண்டும்" என்றார்கள். ஆனால் அதே டயலில் ஓடிய தூரத்தைக் காட்டும் மைல் கணக்கு ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்தது. கணக்கு ஏறுகிறதென்றால், கியர்பொக்ஸிலிருந்து மீற்றருக்கு வரும் கேபிள் அறவில்லை, கியர்பொக்ஸில் பல் உடையவில்லை.

எங்கள் ஒழுங்கையில் இருக்கும் முதிய மெக்கானிக் ஐயாவிடம் கொண்டுபோனேன். "தம்பி, மீற்றரில் கை வைக்காதே, கேபிளை உருவு" என்றார். முள்ளுக்கும் கேபிளுக்கும் நேரடித் தொடுப்பு கிடையாது என்பதை அவர்தான் விளக்கினார். கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. அந்தச் சுழற்சி பக்கத்திலுள்ள அலுமினியக் கிண்ணத்தில் மின்னோட்டத்தைத் தூண்டி அதைத் தன்னோடு இழுக்கப் பார்க்கிறது. மயிரிழைச் சுருள்வில் ஒன்று எதிர்த்துப் பிடிக்கிறது. இரண்டும் சமப்படும் இடத்தில் முள் நிற்கும். கேபிள் காய்ந்திருந்தால் உறைக்குள் சிக்கி முறுகி, பிறகு சட்டென்று விடுபடும். அந்தத் தடுமாற்றம்தான் முள்ளில் தெரிகிறது.

உருவிய கேபிளில் பழைய கிறீஸும் செம்மண் தூசியும் கரிய பசையாக இறுகிக் கிடந்தன. மண்ணெண்ணெயில் கழுவினோம். (பெற்றோல் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெயில் காரையே ஓட்டிய ஊர், கேபிள் கழுவுவதற்கு யோசிக்குமா?) பிறகு ஐயா அதை மேசைமேல் வைத்து விரலால் உருட்டினார். வளைவு விழுந்த கேபிள் உருளும்போது துள்ளும். அப்படித் துள்ளினால் மாற்றத்தான் வேண்டும். இது துள்ளவில்லை. மெல்லிய கிறீஸ் பூசினார், ஆனால் மீற்றர்ப் பக்கம் ஒரு சாண் நீளத்தை வெறுமையாக விட்டார். அங்கேயும் பூசினால் சுழலச் சுழலக் கிறீஸ் மேலேறி மீற்றருக்குள் போய்க் கிண்ணத்தை ஒட்டவைத்துவிடுமாம். திரும்ப மாட்டும்போது டயலுக்குப் பின்னால் இருந்த கூர்மையான வளைவையும் தளர்த்தினார். இப்போது முள் அசையாமல் நிற்கிறது.

ஊர்காவற்றுறை, ரொயோட்டா

இந்த ஜப்பான் காருக்குக் கேபிள் இல்லை, கியர்பொக்ஸில் வேகத்தை உணரும் சென்சர்தான். என் காரில் முள் திடீரென்று பூச்சியத்துக்கு விழும், பிறகு எழும்பும். விழும் நேரத்தில் கிலோமீற்றர் கணக்கும் நின்றுவிடும். தானாக மாறும் கியரும் நேரங்கெட்டு மாறியது, ஏனென்றால் அதுவும் வேகச் செய்தியை நம்பித்தான் மாறுகிறது. கணக்கும் சேர்ந்து நிற்கும்போது டயலைக் குற்றம் சொல்வதில் பொருளில்லை. ஆனாலும் முழு டயல் தொகுதியையும் மாற்றச் சொன்னவர்கள் இருக்கிறார்கள்! பழைய தொகுதி வாங்கினால் வேறொரு காரின் கிலோமீற்றர் கணக்கும் கூடவே வரும் என்பதை அவர்கள் சொல்வதில்லை. தாம்போதியில் நாள்தோறும் உப்புக்காற்றில் ஓடுகிற வண்டி. சென்சர் சொருகியைக் கழற்றினால் ஊசிகள் பச்சை பூத்திருந்தன. சுத்தம் செய்து இறுக்கியதோடு தொல்லை தீர்ந்தது.

சாவகச்சேரி, வாடகை வான்

ஆடாத முள்ளும் பொய் சொல்லும். ஏ9 வீதியில் முள்ளை 60இல் பிடித்துக்கொண்டு அடுத்தடுத்த இரண்டு கிலோமீற்றர்க் கற்களுக்கிடையே நேரம் பாருங்கள். சரியாக ஒரு நிமிடம் ஆக வேண்டும். கைப்பேசி ஜி.பி.எஸ்.ஸும் போதும். ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே போனால் பயமில்லை. ஐ.நா. வாகன விதி 39இன்படி மீற்றர் உண்மை வேகத்தைக் குறைத்துக் காட்டக்கூடாது, கூட்டிக் காட்டலாம். உண்மையில் 60இல் போகும்போது 70 வரை காட்டினாலும் விதிக்குள்தான். நேரம் குறைந்தால் ரயர் அளவைப் பாருங்கள். பெரிய ரயர் மாட்டினால் முள் வேகத்தைக் குறைத்துக் காட்டும்; அப்படி மாட்டியவர்கள் முள்ளைக் காட்டிப் பொலிஸாரிடம் வாதாட முடியாது.

கொக்குவில், மறுபடியும்

மைல் டயல் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: 50 கிலோமீற்றர் என்பது 31 மைல், 70 என்பது 43 மைலுக்குச் சற்று மேல். வேக எல்லை மறக்காமலிருக்க, டயல் கண்ணாடியில் அந்த இரண்டு இடத்திலும் சிவப்பு மை வைத்திருக்கிறேன். கேபிள் எங்கே வாங்கலாம் என்று கேட்ட தம்பிக்கு: பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். நீளமும் இரண்டு நுனிகளின் வடிவமும் பொருந்தாவிட்டால் காசைக் கொடுக்காதீர்கள்.