அல்டிட்சாவுக்குத் தமிழ்ச்சொல்: 'தோட்பட்டி' என்ற முன்மொழிவு

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

ருமேனியாவின் மரபுச் சட்டையை வைத்து வெளிநாட்டு அருங்காட்சியகங்கள் நடத்தும் கண்காட்சிகளையும் விழாக்களையும் தமிழில் எழுதுவோருக்குச் சொற்கள் வேண்டும் என்று தொடங்கிய உரையாடல் இழையில், அச்சட்டையின் தோளில் அமரும் பூவேலைத் துண்டான அல்டிட்சா என்ற பகுதிக்கு இதுவரை மூன்று வழிகள் சொல்லப்பட்டுள்ளன. ஒருவர் 'தோளணி' என்றார். மற்றொருவர் 'தோட்பூவேலை' என்றார். ஒலிபெயர்ப்பே போதும் என்று வேறு சிலர் எழுதினர். மூன்றிலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. 'தோட்பட்டி' என்ற சொல்லைப் பரிசீலிக்குமாறு வேண்டி இதை எழுதுகிறேன்.

சட்டையின் பெயரை முதலில் முடித்துவிடலாம். ருமேனிய மொழியில் இதற்கு 'இயே' என்று பெயர். சுட்டுருபு சேர்ந்தால் 'இயா' ஆகும். ஆளிநார்த் துணியை (லினன்) குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தமிழ் வாசகர் இதை யாரையோ அழைக்கும் விளி என்று எண்ணக்கூடும் என்பதால், ஒலிபெயர்ப்பைத் தலைப்பில் வைப்பது உதவாது. அம்மையார் ஒருவர் முன்மொழிந்த 'ரவிக்கை' எல்லோருக்கும் புரியும். ஆனால் அது உடலோடு ஒட்டிய, இடைக்கு மேலேயே நின்றுவிடும் உடுப்பை மனத்தில் கொண்டுவருகிறது. இயேயோ கழுத்தில் சுருக்கப்பட்டு, அங்கிருந்து அகன்று, இடுப்புக்குக் கீழும் இறங்கும் தளர்ந்த ஆடை. முல்லைப்பாட்டு யவனரின் உடுப்பைச் சொல்லும்போது ஆண்ட 'மெய்ப்பை' (சட்டை) என்ற சொல்லை மீட்டெடுக்கலாம் என்ற கருத்து அழகானதுதான். எனினும் அருங்காட்சியகப் பெட்டியின் முன் அரை நிமிடம் நிற்கும் ஒருவருக்கு அந்தச் சொல்லை விளக்க இன்னொரு குறிப்பு தேவைப்படும். ருமேனியச் சிற்றூர்களில் பெண்களே இதைப் பெரும்பாலும் 'கமாஷா', அதாவது சட்டை, என்றுதான் சொல்லிவந்தார்கள். ஆகவே 'ருமேனியச் சட்டை' என்பதே போதும். 1940இல் பிரெஞ்சு ஓவியர் ஆன்றி மத்தீசு வரைந்து, இப்போது பாரிசின் பொம்பிதூ மையத்தின் தொகுப்பில் இருக்கும் புகழ்பெற்ற ஓவியத்தின் பெயரையும் அவ்வாறே எழுதலாம்.

இனி அல்டிட்சா. இச்சட்டையின் கைப்பகுதியில் மேலிருந்து கீழாக மூன்று பகுதிகள் உள்ளன. தோளின்மேல் அமரும் அகன்ற, நெருக்கமாகத் தைக்கப்பட்ட செவ்வகம் அல்டிட்சா. அதற்குக் கீழே, பெரும்பாலும் ஒரே நிறத்தில், மஞ்சளோ வெண்மையோ கலந்த அமைதியான ஒரு குறுகிய பகுதி வரும். அதற்கு 'இன்க்ரெட்ஸ்' என்று பெயர். அதிலிருந்து மணிக்கட்டு நோக்கி நேராகவோ சாய்வாகவோ ஓடும் வரிசைகளை ஆறுகள் என்ற பொருளில் 'ரிவுர்' என்கிறார்கள். இந்த அமைப்பு அலங்காரத்துக்காக மட்டும் பிறந்ததன்று. முற்காலத்தில் அல்டிட்சா தனியே வெட்டப்பட்டுக் கையோடு இணைக்கப்பட்ட துண்டு. அகன்ற கைத்துணியை அதன் அளவுக்குக் குறுக்கிப் பிடித்த சுருக்கே இன்க்ரெட்ஸ். பின்னாளில் கை ஒரே துணியாக வெட்டப்பட்டபோதும், மூன்று பகுதிகளையும் அதே இடங்களில் ஊசியால் பிரித்துக் காட்டும் வழக்கம் நின்றுவிடவில்லை.

இந்த வரலாற்றை வைத்துப் பார்த்தால் 'தோளணி' பொருந்தாது. அது நகையைச் சுட்டும். 'தோட்பூவேலை' நெருங்கி வருகிறது, ஆனால் அது வேலையின் பெயர். அல்டிட்சாவோ உறுப்பின் பெயர். யுனெஸ்கோ 2022இல் ருமேனியாவுக்கும் மால்டோவாவுக்கும் பொதுவாக இக்கலையை மானுடத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, தோளில் பூவேலை கொண்ட மரபுச் சட்டை என்று எழுதிவிட்டு, அல்டிட்சா என்ற சொல்லையும் உடன் வைத்தது. பூவேலை என்று மட்டும் சொன்னால் எதுவோ விடுபடுகிறது என்பதை அந்தத் தலைப்பே காட்டுகிறது.

நம் தையற்காரர்கள் உடுப்பில் தனித்துண்டாக வைத்துத் தைக்கும் பல பகுதிகளைப் 'பட்டி' என்கிறார்கள்: கழுத்துப்பட்டி, கொக்கிப்பட்டி, இடுப்புப்பட்டி. அல்டிட்சாவும் பிறப்பால் அத்தகைய துண்டுதான். ஆகவே 'தோட்பட்டி' என்றால், அது இருக்கும் இடமும் அது உருவான முறையும் ஒருங்கே விளங்கும். அதே வழியில் இன்க்ரெட்ஸ் 'சுருக்குப்பட்டி' ஆகிறது; 'சுருக்கு வைத்துத் தைப்பது' எந்தத் தையற்கடையிலும் கேட்கும் தொடர். 'தோட்பட்டி' ஏதோ ஊர்ப்பெயர் போலிருக்கிறது என்று யாரேனும் எழுதுவார்கள் என்பதை எதிர்பார்க்கிறேன். அந்தக் குறையை ஏற்கலாம். 'தோள்பட்டை' என்று அச்சுப்பிழை நேர்ந்து உடலுறுப்பாக மாறிவிடும் வாய்ப்புதான் எனக்குக் கவலை தருகிறது. புணர்த்தி எழுதச் சொல்வதற்கு அதுவே காரணம்.

ரிவுருக்கு உறுதியான விடை என்னிடம் இல்லை. 'ஆற்றொழுக்கு' ஓசைக்கு இனிமையானது, ஆனால் இலக்கணிகள் சூத்திரங்களின் தொடர்ச்சிக்கு அதை என்றோ எடுத்துக்கொண்டார்கள். 'ஆற்றுவரி' என்றால் மணல் அள்ளுவதற்குக் கட்டும் தொகை என்று தோன்றும். இப்போதைக்கு 'ஆற்றுக்கோடு' என்று வைத்துக்கொள்ளலாம்.

தையல்முறைக்கும் ஒரு சொல் வேண்டும். தோட்பட்டியின் கோலங்கள் துணியின் பாவு (நெடுக்கிழை), ஊடை (குறுக்கிழை) இரண்டையும் எண்ணி எண்ணித் தைக்கப்படுபவை. அதனால்தான் அவை கட்டம் கட்டமாக, கூர்முனைகளோடு அமைகின்றன. நீலகிரித் தோடர் பெண்கள் வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாகத் தைப்பதும் இம்முறையிலேதான். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த வேலையை விளக்குவதற்கும் நம்மிடம் ஒரு பொதுச்சொல் இல்லாதிருக்கிறது. 'இழையெண் தையல்' இரண்டுக்கும் பொருந்தும்.

இவ்விரு நாடுகளிலும் சுவரில் தொங்கவிடும் நெசவுகள் 2016இல் யுனெஸ்கோவின் அதே பட்டியலில் சேர்ந்தன. அவற்றுக்குச் 'சுவர்க்கம்பளம்' என்ற வழக்குச்சொல் இருக்கும்போது விவாதம் தேவையில்லை. (ருமேனிய மொழியில் தறிக்கும் போருக்கும் 'ரஸ்போய்' என்ற ஒரே ஒலி என்பதை மொழிபெயர்ப்பவர்கள் நினைவில் கொள்ளட்டும், இல்லையேல் போர்க்களத்தில் கம்பளம் நெய்துவிடுவோம்.)

நிகழ்வுகளின் பெயரில்தான் நாம் அதிகம் கவனம் செலுத்த வேண்டும் என்று கருதுகிறேன். 2013 முதல் ஒவ்வொரு ஜூன் 24ஆம் நாளும், அதாவது பழைய கோடைவிழாவான சன்சியேன நாளில், இச்சட்டைக்கான நாள் பல நாடுகளில் கொண்டாடப்படுகிறது. இணையக் குழு ஒன்று தொடங்கிவைத்ததைப் புலம்பெயர்ந்தோர் சங்கங்களும் ருமேனியப் பண்பாட்டு நிறுவனத்தின் வெளிநாட்டுக் கிளைகளும் ஏற்றுக்கொண்டன. இலண்டனின் ஆர்னிமன் அருங்காட்சியகம், 1950களில் ருமேனியாவிலிருந்து கொடையாக வந்த உடைகளை மையமாக வைத்து 2014இல் உடையும் அடையாளமும் பற்றிய கண்காட்சியை நடத்தியது. இவற்றைக் 'கண்காட்சி', 'விழா' என்று சொல்வதில் சிக்கல் இல்லை.

சிக்கல் எழுவது, பார்வையாளரும் ஊசியோடு அமரும் 'ஷெஸட்வாரே' என்ற நிகழ்வில். அமர்தல் என்ற வினையிலிருந்து பிறந்த சொல் அது. குளிர்கால மாலைகளில் ஊர்ப்பெண்கள் ஒரு வீட்டில் கூடி, நூல் நூற்று, தைத்து, பாட்டும் விடுகதையுமாகப் பொழுது போக்கிய வழக்கம், இன்று நகரங்களிலும் புலம்பெயர் நாடுகளிலும் புத்துயிர் பெற்றிருக்கிறது. இதனைப் 'பயிலரங்கு' என்று எழுதினால் கற்பிப்பவர் ஒருவர், கற்பவர் பலர் என்ற ஏற்பாடு வந்து சேர்கிறது. ஷெஸட்வாரேயில் அந்தப் பிரிவினை இல்லை, தெரிந்தவர் தெரியாதவர் பக்கத்தில் அமர்கிறார், அவ்வளவே. 'தையற்கூடல்' என்றால் நூற்பவர் விடுபடுவார். ஆகவே 'கைவேலைக் கூடல்' என்பதை முன்மொழிகிறேன்.

இச்சொற்களைக் கொண்டு ஒரு காட்சிக்குறிப்பு எழுதிப் பார்த்தேன்: "ருமேனியச் சட்டை. பருத்தித் துணி, இழையெண் தையல். சிவப்புத் தோட்பட்டி, மஞ்சள் சுருக்குப்பட்டி, சாய்ந்த ஆற்றுக்கோடுகள்." அடிக்குறிப்பின்றி இது விளங்குகிறதா என்று தையல் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும். இலங்கை அன்பர்கள், தங்கள் பக்கத்துத் தையற்காரர்கள் 'பட்டி'யை இதே பொருளில் ஆளுகிறார்களா, வேறு சொல் உண்டா என்பதையும் எழுதினால், அகராதிப் பக்கத்தில் பதிவதற்கு முன் திருத்திக்கொள்ளலாம்.

அன்புடன்.