புதுப்பிப்பு: ஆதிரை என்றே வைத்துவிட்டோம்

மகளுக்கு என்ன பெயர் வைக்கலாம், ஆதிரையா, முகிலா என்று இங்கே கேட்டிருந்தேன். ஆதிரையே முடிவாகிவிட்டது. பிறந்தது என்னவோ ரேவதியில்தான், இருக்கட்டும்!

பொருள் கேட்டவர்களுக்கு: திருவாதிரையின் 'திரு'வை எடுத்தால் ஆதிரை. ஈரம் என்று பொருள்படும் வடமொழி 'ஆர்த்ரா'வோடு தொடர்புள்ள பெயர். ஓரியன் தொகுதியின் தோளில் செம்மையாகத் தெரிகிறதே, பெட்டல்ஜூஸ், அந்த விண்மீன்தான். மணிமேகலையின் அமுதசுரபியில் முதல் பிச்சை இட்ட பெண்ணும் ஆதிரைதான். என் மாமியார் தலையசைத்தது இதைக் கேட்டுத்தான்.

அப்புறம், "அந்த நட்சத்திரம் வெடிக்கப் போகிறதாமே" என்று பயமுறுத்தியவருக்கு: 2019 கடைசியில் அது மங்கியபோதுதான் இந்தப் பேச்சு பரவியது; மங்கியதற்குக் காரணம், அதுவே கக்கிய தூசி. வெடிக்க இன்னும் ஒரு லட்சம் ஆண்டுகள்கூட ஆகலாம் என்கிறார்கள். அதற்குள் பாப்பா பள்ளிக்கூடம் முடித்துவிடுவாள்.