‘எ கிறிஸ்துமஸ் கரோல்’ அனிமேஷன் படத்தை அஞ்சு வயசுப் பையனுக்குக் காட்டலாமா?

வண்டிப்பெரியார் அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். கிறிஸ்துமஸ் லீவுக்கு என் நாத்தனார் பிள்ளைகள் கம்பத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். மூத்தவனுக்குப் பதினொன்று, அடுத்தவளுக்கு எட்டு. என் மகனுக்கு ஐந்து. இருபத்தஞ்சாம் தேதி சாயங்காலம் எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்து ஒரு படம் போடலாம் என்று பேச்சு. என் கொழுந்தன் 2009-இல் வந்த ‘எ கிறிஸ்துமஸ் கரோல்’ படத்தை எடுத்து வைத்திருக்கிறார். ஜிம் கேரி நடித்தது, அனிமேஷன். “கார்ட்டூன்தானே அண்ணி, பிள்ளைகளுக்குன்னே எடுத்த படம்” என்கிறார்.

எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. டிரெய்லரில் இருட்டு, சங்கிலி, பேய் என்று ஓடுகிறது. என் மகன் ராத்திரி கரண்ட் போனால் பக்கத்து அறைக்குக்கூடத் தனியாகப் போகமாட்டான். இன்னொரு விஷயம், படம் இங்கிலீஷில் இருக்கிறது. அவனுக்கு வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். இங்கிலீஷ் என்றால் பழம், காய்கறிப் பெயர்கள்தான். பார்த்தவர்கள் யாராவது விவரமாகச் சொல்லுங்கள்.

கொழிஞ்சாம்பாறை அப்பா:

முதலில் சான்றிதழைப் பாருங்கள் சகோதரி. அமெரிக்காவில் இந்தப் படத்துக்குக் கொடுத்தது பிஜி, அதாவது பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கவேண்டிய படம். பயமுறுத்தும் காட்சிகள் இருப்பதைத்தான் காரணமாகச் சொல்லியிருக்கிறார்கள். நம் ஊரில் முன்பெல்லாம் யு/ஏ என்று ஒரே பிரிவுதான் இருந்தது. 2024-லிருந்து தியேட்டர் படங்களுக்கு யுஏ 7+, 13+, 16+ என்று பிரித்துத் தருகிறார்கள். ஓடிடியில் 2021 விதிகள் வந்ததிலிருந்தே இந்த வயசுப் பிரிவு உண்டு. உங்கள் டிவியில் படத்தின் பெயர் பக்கத்தில் போட்டிருக்கும். ஆனால் 7+ என்றால் பெற்றோர் பார்த்து முடிவு செய்யவேண்டும் என்றுதான் அர்த்தம். ஏழு வயசானால் எல்லாப் பிள்ளைக்கும் சரிப்படும் என்றில்லை. முழுப் படத்தையும் நீங்கள் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

தேவிகுளம் டீச்சர்:

தங்கச்சி, இங்கே தமிழ் மீடியம் பள்ளியில் சின்ன வகுப்புகள் எடுத்து ரிட்டயர் ஆனவள் நான். லீவு நாட்களில் எஸ்டேட் பிள்ளைகளைக் கூட்டி வைத்து, சுவரில் வெள்ளை வேட்டி கட்டி, புரொஜெக்டரில் படம் காட்டிய பழக்கம் உண்டு. நேராகவே சொல்லிவிடுகிறேன். உங்கள் மகனுக்கு இந்தப் படம் இப்போது வேண்டாம்.

படம் ஆரம்பிப்பதே சவப்பெட்டியில் கிடத்திய பிணத்தோடுதான். அது கதாநாயகன் ஸ்க்ரூஜின் தொழில் கூட்டாளி மார்லி. அதன் கண்கள் மேல் வைத்திருக்கும் இரண்டு காசையும் ஸ்க்ரூஜ் எடுத்துக்கொள்கிறான். எப்பேர்ப்பட்ட கஞ்சன் என்று நமக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிடும். ஐந்து வயசுக்குக் கஞ்சத்தனம் தெரியாது, பிணத்தின் முகம் தெரியும். அப்புறம் அந்தச் செத்த மார்லியே பேயாக ராத்திரி சங்கிலியை இழுத்துக்கொண்டு வருகிறான். தலையைச் சுற்றிக் கட்டியிருக்கும் துணியை அவிழ்த்ததும் தாடை அப்படியே தொங்கிவிடும். கையால் பிடித்து அசைத்துப் பேசுகிறான். பெரிய பிள்ளைகள் அந்த இடத்தில் சிரிப்பார்கள். சின்னதுகள் சிரிக்காது, நம் புடவையைப் பிடித்துக்கொள்ளும். கடைசிப் பகுதியில் சிவந்த கண்ணோடு கருப்புக் குதிரைகள் துரத்துகிற துரத்தல் இன்னும் மோசம், சீக்கிரம் முடியவும் முடியாது.

நீங்கள் சொன்ன மொழி விஷயம் ரொம்ப முக்கியம். பேய்கள் வருவது ஸ்க்ரூஜைத் திருத்தத்தான், அவன் பிழைக்க இன்னும் வழி இருக்கிறது என்கிற ஆறுதல் எல்லாம் இந்தப் படத்தில் வசனத்தில்தான் இருக்கிறது. அதுவும் 1843-இல் சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய கதையின் பழைய நடை. இங்கிலீஷ் தெரியாத குழந்தைக்கு ஆறுதல் போய்விடும், முகங்கள் மட்டும் மிஞ்சும். அதனால் படம் பார்க்கும்போது ஒன்று செய்யுங்கள். முதல் அரைமணி நேரம் டிவி சத்தத்தை முழுசாக நிறுத்திவிட்டுப் பாருங்கள். உங்கள் மகனுக்குக் கிடைக்கப்போகும் கதை கிட்டத்தட்ட அதுதான். அப்புறம் அதே இடங்களைத் திரும்பவும் போட்டு, டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து காதால் மட்டும் கேளுங்கள். மணிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அடிப்பது, சங்கிலி படியேறி வருவது இதெல்லாம் கண்ணைப் பொத்தினாலும் கேட்கும்.

“அது நிஜமில்லைடா, பொம்மைதான்” என்று சொன்னால் போதும் என்று நிறைய அப்பாக்கள் நினைக்கிறார்கள். எட்டு, ஒன்பது வயசில் அது ஓரளவு வேலை செய்யும். அதற்குக் கீழே செய்யாது. அமெரிக்காவில் ஜோஆன் கேன்டர் என்ற பேராசிரியை பிள்ளைகளின் டிவி பயத்தைப் பற்றி வருஷக்கணக்காக ஆராய்ந்தவர். ‘ஹல்க்’ தொடரில் சாதாரண ஆள் பச்சை நிறமாக மாறும் காட்சியைக் காட்டிப் பார்த்தபோது சின்னக் குழந்தைகள்தான் அதிகம் பயந்தார்கள். அந்த ஹல்க் நல்லவன், காப்பாற்ற வருகிறவன். பெரிய பிள்ளைகளுக்கு அது தெரிந்திருந்தது. சின்னவர்களுக்கு உருவம்தான் எல்லாம்.

மூத்தவனுக்கு இது நல்ல படம், தாராளமாகப் பார்க்கட்டும். முதலாளியிடம் ஒரு நாள் லீவு கேட்கவே தயங்கும் கிளார்க், கால் சரியில்லாத அவன் கடைசிப் பையன் டிம், கடைசியில் ஸ்க்ரூஜ் சம்பளத்தைக் கூட்டித் தருவது, இதெல்லாம் தோட்டத்துச் சம்பளத்தில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும். எட்டு வயசுக்காரிக்குக் கதையை முன்னாடியே தமிழில் சொல்லிவிட்டு, பக்கத்தில் நீங்களும் இருந்தால் காட்டலாம்.

செங்கோட்டை தாத்தா:

டீச்சரம்மா சொன்னதில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. நாங்கள் பாட்டி மடியில் கொள்ளிவாய்ப் பிசாசுக் கதை கேட்டு வளர்ந்தவர்கள். பயமே தெரியாமல் வளர்த்தால் பிள்ளை நாளைக்கு எதைத் தாங்கும்? கடைசியில் எல்லாம் நல்லபடி முடிகிற படம்தானே.

தேவிகுளம் டீச்சர்:

ஐயா, பாட்டி கதை சொல்லும்போது பேரன் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொல்வார். கண் கலங்கினால் பிசாசைப் பாதியிலேயே ஓட விட்டுவிடுவார். அந்தப் பிசாசுக்கு எவ்வளவு பெரிய பல் என்று குழந்தை தனக்குத் தாங்குகிற அளவில் தானே நினைத்துக்கொள்ளும். படத்தில் பல்லின் அளவை வேறு யாரோ முடிவு செய்துவிட்டார்கள், குழந்தை அழுதாலும் அது நிற்காது. பயமே கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்தப் பயம் நம் கைக்குள் இருக்கவேண்டும். நல்ல முடிவு இருக்கிறது என்கிறீர்கள். அதுவரை ஒன்றரை மணி நேரம் அந்தக் குழந்தை உட்கார்ந்திருக்க வேண்டுமே ஐயா.

கொழிஞ்சாம்பாறை அப்பா:

மொழி பிரச்சினை இல்லாத படம் வேண்டுமென்றால் 1982-இல் இங்கிலாந்தில் டிவிக்கு எடுத்த ‘தி ஸ்னோமேன்’ பாருங்கள். ரேமண்ட் பிரிக்ஸின் படக்கதையை வைத்து எடுத்தது. கையால் வரைந்த படங்கள், அரைமணி நேரம்கூட ஓடாது. பேச்சே கிடையாது, இசையும் ஒரே ஒரு பாட்டும்தான். பையன் செய்த பனி மனிதன் ராத்திரியில் உயிர் பெற்று அவனைப் பறக்கக் கூட்டிப் போகிறான். ஆனால் காலையில் எழுந்து பார்த்தால் உருகிப் போயிருக்கும். என் சின்ன மகள் அதைப் பார்த்து அழுதாள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

தேவிகுளம் டீச்சர்:

நல்ல படம். அந்த அழுகை வேறு வகை தம்பி, மடியில் போட்டுக்கொண்டால் தீர்ந்துவிடும், ராத்திரி தூக்கத்தைக் கெடுக்காது. எங்கள் பக்கம் ஜனவரியில் புல் மேல் உறைபனி படியும், வெயில் ஏறினால் காணாமல் போகும். அதைப் பார்த்த பிள்ளைகள் யாரும் “பனி மனிதன் எங்கே போனான்?” என்று என்னிடம் கேட்டதில்லை. வண்டிப்பெரியாரில் அந்த அளவு குளிர் இல்லை. ஃப்ரீசரிலிருந்து ஒரு ஐஸ் கட்டியை எடுத்துப் பையன் கையில் கொடுத்து, உருகுவதைக் காட்டிவிட்டுப் படத்தைப் போடுங்கள் தங்கச்சி.

வண்டிப்பெரியார் அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டீச்சர் சொன்னபடி நேற்று ராத்திரி சத்தத்தை நிறுத்திவிட்டு அந்தப் படத்தைப் பார்த்தேன். தாடை தொங்கும் இடத்தில் என் கொழுந்தனே “வேண்டாம் அண்ணி” என்று சொல்லிவிட்டார். இருபத்தஞ்சாம் தேதி மூன்று பேருக்கும் ஸ்னோமேன். மறுநாள் மத்தியானம் சின்னவனைக் கூட்டிக்கொண்டு நான் குமுளிச் சந்தைக்குப் போய்விடுகிறேன், பெரியவர்கள் இரண்டு பேரும் அவர்கள் மாமாவோடு, அதாவது என் கொழுந்தனோடு உட்கார்ந்து கரோல் பார்ப்பார்கள். டீச்சர், எட்டு வயசுக்காரிக்குக் கதை சொல்லும்போது சவப்பெட்டிக் காட்சியையும் முன்கூட்டியே சொல்லிவிடலாமா, இல்லை மார்லி வருவதை மட்டும் சொன்னால் போதுமா?

தேவிகுளம் டீச்சர்:

இரண்டையும் சொல்லிவிடுங்கள். தாடையைக் கையால் பிடித்து நடித்தே காட்டுங்கள், அவளையும் செய்யச் சொல்லுங்கள். ஜன்னல் திரைச்சீலையை மூடவேண்டாம் என்று கொழுந்தனிடமும் சொல்லி வையுங்கள்.